தீக்குச்சி சொன்னதும் தேன்காரர் சொன்னதும்

குமரி மாவட்டத்தில் குலசேகரம் தாண்டி ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே ஒரு வீட்டில் தேன் வாங்குகிறோம். கடை என்று சொல்ல முடியாது. பலகை கிடையாது, பெயர் கிடையாது, திண்ணையில் ஒரு தராசு, சுவரோரம் அடுக்கி வைத்த குப்பிகள், அவ்வளவுதான். கிலோ 400 ரூபாய். ஒரு வருஷத்தில் மூன்று தடவை வாங்கியாயிற்று. தேன் நன்றாக இருக்கிறது, விற்கிறவர் நேர்மையானவர், அந்தப் பக்கம் போனால் தாராளமாக வாங்கலாம்.

இவ்வளவோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் முதல் குப்பியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்த அன்று அம்மா ஒன்று கேட்டாள். "நல்ல தேன்னு உனக்கு எப்படித் தெரியும்?" அந்த ஆளைப் பார்த்தால் அப்படித் தோன்றியது என்றேன். சொல்லும்போதே அது ஒரு பதிலாக எனக்கே படவில்லை. தோன்றியதை நம்பித்தான் அதற்கு முந்தைய வருஷம் நன்றாக ஏமாந்திருந்தோம். அந்தக் கேள்வி பல மாசம் என்னை விடவில்லை, அதனால்தான் இது இவ்வளவு நீளம்.

முதலில் ஏமாந்த கதை. சாலையோரம் ஒருவர் பிளாஸ்டிக் வாளி நிறைய தேனடையோடு உட்கார்ந்திருந்தார். அடை அசல் அடைதான், மெழுகு, அறை, ஒட்டிக்கொண்டு செத்துக் கிடந்த இரண்டு மூன்று தேனீக்கள் எல்லாம் இருந்தன. எங்கள் கண் முன்னாலேயே கையால் பிழிந்து குப்பியில் ஊற்றிக் கொடுத்தார். கண் முன்னால் பிழிந்ததற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சந்தோஷமாக இரண்டு குப்பி வாங்கினோம். வீட்டில் திறந்தால் முந்திரிக்கொத்துக்குப் பாகு காய்ச்சும்போது வருமே, அதே வாசம். இரண்டு வாரத்தில் அடியில் சீனி மாதிரி வெள்ளையாகப் படிந்தது. "பாத்தியா, சீனிப் பாகு" என்று அம்மா முடிவு கட்டினாள், நானும் ஒத்துக்கொண்டேன். பழைய அடையைப் பாகில் முக்கி எடுத்தால் யார் கண்ணுக்கும் தேனடையாகத்தான் தெரியும்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் தமிழ் ஐயா அளவைகள் என்று ஒன்று சொல்லிக் கொடுத்திருக்கிறார். ஒரு விஷயத்தை நாம் அறிகிற வழி மூன்று என்று சைவ சித்தாந்தம் சொல்கிறது: காண்டல், கருதல், உரை. நேரில் பார்ப்பது, புகையைக் கண்டு நெருப்பு இருக்கிறது என்று ஊகிப்பது, நம்பத் தகுந்தவர் சொல்லிக் கேட்பது. பார்ப்பதிலேயே ஐயமும் திரிபும் உண்டு, கிளிஞ்சல் வெள்ளியாகத் தெரியும், கயிறு பாம்பாகத் தெரியும் என்றும் சொல்வார். தேர்வுக்காக மனப்பாடம் செய்ததுதான். அந்த வாளிக்கு முன்னால் நின்றபோது அது ஞாபகத்துக்கு வரவில்லை.

சரி, நம்ம கடைக்கு வருகிறேன். போன வருஷம் பிப்ரவரியில் தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தது. பிறந்த பிள்ளையின் நாக்கில் இனிப்பு தொட்டு வைக்கிற சேனைக்கு நல்ல தேன் வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். அம்மாவுக்கு, எனக்கு, தங்கச்சிக்கு எல்லாருக்கும் எங்கள் தாத்தா கொண்டுவந்த தேனைத்தான் தொட்டு வைத்தார்களாம். கடைத் தேனில் அம்மாவுக்கு நம்பிக்கை இல்லை. கூட வேலை பார்க்கும் ஒருவர் இந்த வீட்டைச் சொன்னார். மார்ச் முதல் வாரம் நாகர்கோவில் வடசேரியில் பஸ் ஏறி, தக்கலை வழியாகக் குலசேகரம் போய், அங்கிருந்து ஆட்டோவில் போனேன்.

நான் போனபோது தேன் எடுத்துக்கொண்டிருந்தார். மரநிழலில் வரிசையாகப் பெட்டிகள். புகை போட்டு, மேல் தட்டைத் திறந்து, ஒரு சட்டத்தைத் தூக்கிக் காட்டினார். அடை முழுக்க அறைகளை வெள்ளை மெழுகால் மூடியிருந்தது. மூலையில் மட்டும் கொஞ்சம் அறைகள் திறந்திருந்தன, உள்ளே தேன் மினுங்கியது. மூடாத அறையில் இருப்பது இன்னும் பக்குவப்படாத தேன், தண்ணீர் அதிகம், அதனால் பெரும்பகுதி மூடின பிறகுதான் சட்டத்தை எடுப்பாராம். கத்தியை வெந்நீரில் முக்கி மெழுகு மூடியை மட்டும் சீவினார். பிறகு சட்டத்தை ஒரு டிரம்முக்குள் நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றினார். சுற்றுகிற வேகத்தில் தேன் தெறித்து டிரம்மின் சுவரில் வழிந்தது. காலி அடை உடையாமல் திரும்பப் பெட்டிக்குள் போனது, தேனீ அதையே மறுபடி நிரப்பும். கையால் பிழிகிற வேலையே அங்கே இல்லை.

"எந்தப் பூவில இருந்து வருது?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் ஒரு ரப்பர் துளிரைப் பறித்து நீட்டினார். ரப்பர் மரம் மார்கழி தை வாக்கில் இலையை மொத்தமாகக் கொட்டிவிட்டு மறுபடி துளிர்க்கும், நம்ம ஊர்க்காரர்களுக்குத் தெரியும். ஒரு காம்பில் மூன்று இலை. அந்த மூன்றும் சேரும் இடத்தில் கடுகை விடச் சின்னதாகச் சில சுரப்பிகள் இருக்கின்றன. இலை இளசாக இருக்கிறவரை அதிலிருந்து இனிப்பு நீர் கசியும். தேனீ அதைத்தான் எடுக்கிறது, பூ தேவையே இல்லை. நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தேன், இனித்தது. இத்தனை வருஷம் ரப்பர் தோட்டத்து வழியாகப் போய் வந்திருக்கிறேன், ரப்பர் பாலைத் தவிர அந்த மரத்தில் வேறெதுவும் எனக்குத் தெரியாது.

அங்கே நின்றதில் அவர் குடும்பக் கதையும் கேட்டேன். மார்த்தாண்டத்தில் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கம் ஒரு கிராமப்புற மையம் தொடங்கி, ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் அதை நடத்தினார். நம்ம மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலம். கோழி வளர்ப்பும் பெட்டியில் தேனீ வளர்ப்பும் அங்கிருந்துதான் ஊர் ஊராகப் பரவியது. இவருடைய தாத்தா அந்தத் தலைமுறை. 1990களின் தொடக்கத்தில் தென்னிந்தியா முழுக்க நம்ம நாட்டுத் தேனீக்களுக்கு ஒரு வைரஸ் நோய் வந்தது, தாய் (தாய்லாந்து) சாக்புரூட் என்று பெயர், புழுக்கள் நீர் கோத்த பை மாதிரி ஆகி அறைக்குள்ளேயே செத்துப்போகும். ஒரே பருவத்தில் பெட்டிகள் காலியாயின. "எங்க அப்பா யாரோ கண்ணு வச்சிட்டானுவன்னு பூச போட்டாரு, பொறவுதான் அது நோயின்னு ஆளுவ வந்து சொன்னாவ" என்றார். சாகாமல் தப்பிய ஒரு பெட்டியைப் பிரித்துப் பிரித்துத்தான் இப்போதிருப்பவை எல்லாம்.

அப்புறம் நான் கேட்காமலே ஒன்று சொன்னார். ஆடி ஆவணி மழையில் தேனீக்குத் தீனி இருக்காது, அப்போது சீனித் தண்ணீர் வைப்பார்களாம், வைக்காவிட்டால் கூட்டமே செத்துப்போகும். துளிர் விடத் தொடங்கினதும் நிறுத்திவிடுவார்களாம். "சீனியே காட்ட மாட்டோம்னு சொல்லுதவனை நம்பாதீங்க. உள்ளதச் சொல்லணும்லா."

இரண்டு கிலோ போடச் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். பிறந்த பிள்ளைக்குச் சேனை வைக்க என்றேன். தராசில் வைத்த குப்பியை எடுத்துக் கீழே வைத்துவிட்டார்.

"பிள்ளைக்கு எத்தன மாசம்?"

"பத்து நாள்தான் ஆச்சு அண்ணாச்சி."

"அப்போ வேண்டாம் மக்ளே. ஒரு வயசு தெகையட்டு, பொறவு கொடுங்க. பெரியவங்களுக்குன்னா கொண்டு போ."

ஏன் என்று கேட்டேன். ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா சொன்னாள், காரணம் எனக்குத் தெரியாது, ஆனால் அவள் சொன்ன நாளிலிருந்து கைப்பிள்ளைக்கு என்று கேட்டால் கொடுப்பதில்லை என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு கிலோ மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போதுதான் அந்தத் தேனை நம்புகிறோம் என்பது மனசுக்குத் தெரிந்தது. அது இனிமையான ஒரு உணர்வு, அவ்வளவுதான் அப்போது தெரியும். அம்மா கேட்டதும் "அப்படித் தோணிச்சு" என்று சொன்னதும் அன்று சாயங்காலம்தான்.

காரணத்தை நான் பிறகு மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், பிள்ளை இருக்கிற வீட்டுக்காரர்கள் இதை மட்டுமாவது படியுங்கள். தேனில் குளோஸ்ட்ரிடியம் போட்டுலினம் என்ற கிருமியின் விதைகள் மாதிரியான வித்துகள் இருக்கலாம். சுத்தமான தேனிலும் இருக்கலாம், வீட்டில் சூடாக்கினால் அவை சாகாது. பெரியவர்கள் குடலில் அவை பொதுவாக வளர முடியாது. ஒரு வயது ஆகாத பிள்ளையின் குடல் அதற்கு இன்னும் தயாராகவில்லை, அங்கே முளைத்து நஞ்சை உண்டாக்கினால் பிள்ளை துவண்டுபோகும், மூச்சுக்கே ஆபத்து. அரிதாகத்தான் நடக்கும். ஆனால் நடந்தால் பெரிசு.

அம்மா இதை ஏற்கவில்லை. "எங்க காலத்துல எல்லாருக்கும் வச்சோம், யாருக்கு என்ன ஆச்சு?" நியாயமான கேள்விதான், அவள் கண்டது அவ்வளவு. ஆனால் அரிதாக வருகிற ஒன்று ஒரு குடும்பத்து அனுபவத்தில் தென்படவே தென்படாது. நாற்பது பிள்ளைகளை வளர்த்த பாட்டிக்கும் தெரியாமல் போகலாம், அந்தக் காலத்தில் காரணம் தெரியாமல் பிள்ளை போன வீடுகளில் தேன்தான் காரணம் என்று யார் கண்டார்கள்? இதை எல்லாம் சொன்னேன். அம்மா கேட்டாள், பிறகு அழுதாள். தாத்தா செய்ததைத் தன் பேரனுக்குச் செய்ய முடியவில்லையே என்ற வருத்தம் அது. அதற்கு என் விளக்கம் மருந்தில்லை என்பது அப்போது எனக்குப் புரிந்தது. கிருமியைப் பற்றி நான் சொன்னது சரி. சேனை என்பது அவளுக்கு என்ன என்பதை நான் கேட்கவே இல்லை.

அதற்குப் பிறகு அம்மாவுக்குத் தேன் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. நானும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். தண்ணீரில் விட்டால் கலையாமல் நூலாக அடியில் இறங்கும், தீக்குச்சியை முக்கி உரசினால் பற்றும், தாளில் விட்டால் ஊறாது, எறும்பு வராது என்று போனில் வருகிறதே, அவை எல்லாம். ஆனால் இந்தத் தடவை ஒன்று கூடுதலாகச் செய்தேன். சீனியைப் போட்டுக் கம்பிப் பதத்துக்குப் பாகு காய்ச்சி ஆறவைத்து, அதையும் பக்கத்தில் வைத்தேன். இரண்டு கண்ணாடி டம்ளர், இரண்டு கரண்டி.

பாகு அழகாக நூல் மாதிரி இறங்கி டம்ளர் அடியில் சுருண்டு உட்கார்ந்தது. குலசேகரத்துத் தேன் பாதி வழியிலேயே கொஞ்சம் புகை மாதிரி பரவியது. பாகில் முக்கிய தீக்குச்சி முதல் உரசலில் பற்றியது. தேனில் முக்கியது மூன்றாவது உரசலில். எறும்பு இரண்டுக்கும் வந்தது. ஆகப் போலி தேறிவிட்டது, அசல் தோற்றுவிட்டது.

யோசித்தால் விஷயம் எளிது. இந்தச் சோதனைகள் எல்லாம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது, எவ்வளவு கெட்டி என்பதை மட்டும் காட்டும். தேனா பாகா என்று அவற்றுக்குத் தெரியாது. நம்ம மாவட்டத்து ஈரக்காற்றில், இந்தியத் தேனீ சேர்க்கும் ரப்பர் தேன் இயல்பிலேயே கொஞ்சம் இளக்கம். விற்பனைக்கு வரும் தேனில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு விதி சொல்கிறது, அதற்காகத்தான் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் தேன் பாத்திரத்தை வைத்து வற்றவைக்கிறார்கள். நான் வாங்கினது வற்றவைக்காத பச்சைத் தேன்.

இதில் என்னை ரொம்ப யோசிக்கவைத்தது வேறு. தீக்குச்சி சோதனையை நான் அறிவியல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது என் மனசைச் சமாதானப்படுத்துகிற ஒரு சடங்கு. பக்கத்தில் பாகை வைக்காதவரை அது எதையும் சொல்லவில்லை.

ஆய்வகத்துக்கு அனுப்பலாமே என்று நண்பர் சொன்னார். அதிலும் ஒரு பாடம் இருக்கிறது. 2020 டிசம்பரில் டெல்லியிலுள்ள அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 13 பிராண்டு தேனைச் சோதித்து வெளியிட்டது. இந்தியாவில் செய்த வழக்கமான சோதனைகளில் பெரும்பாலானவை தேறின. ஜெர்மனியில் என்.எம்.ஆர். என்ற நுட்பமான சோதனை செய்தபோது 10 பிராண்டுகள் தேறவில்லை. நிறுவனங்கள் மறுத்தன. பழைய சோதனை கரும்பு, மக்காச்சோளச் சர்க்கரையைக் கண்டுபிடிக்கும், ஏனென்றால் அந்தப் பயிர்களின் கார்பன் மற்றச் செடிகளிலிருந்து கொஞ்சம் வேறுபடும். அரிசியிலிருந்து எடுத்த பாகு அதில் அகப்படாது, தேன் தருகிற பெரும்பாலான செடிகளைப் போலத்தான் நெல்லும். எந்தச் சோதனை வருகிறதோ அதைத் தாண்டுகிற மாதிரியே பாகு செய்கிறார்கள். ஆகவே ஆய்வகத் தாளைக் காட்டினாலும், எதைச் சோதித்தீர்கள் என்று கேட்கவேண்டியிருக்கிறது, பதில் சொல்கிறவரை நம்பவேண்டியும் இருக்கிறது.

மே மாசம் குப்பியின் அடியில் வெள்ளையாக உறைந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் குப்பியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஆனால் இது எனக்கு முன்பே தெரியும். வாங்கும்போதே அவர் சொல்லியிருந்தார், "ரெண்டு மாசத்துல உறையும், அப்போ என்னைத் திட்டாதீங்க, குப்பிய வெயில்ல வையுங்க." ரப்பர் தேனில் குளுக்கோஸ் அதிகம், அதனால் சீக்கிரம் உறையும். ஃபிரக்டோஸ் அதிகமுள்ள தேன் வருஷக்கணக்கில் இளகியே இருக்கும். உறைவது கலப்படத்துக்கு அடையாளமே இல்லை. அப்படியானால் அந்தச் சாலையோரத் தேனை நாங்கள் போலி என்று தீர்மானித்த காரணம்? அது தப்பு. பாகு வாசம் இருந்தது உண்மை, அது போலியாகவே இருந்திருக்கலாம், ஆனால் அடியில் படிந்ததைக் காட்டி அதைச் சொன்னது தப்பு. முடிவு சரியாக இருந்து காரணம் பிசகினால், அடுத்த தடவை அதே காரணம் நல்லவரைத் திருடனாக்கிவிடும். அன்று மேஜையில் அதுதான் நடக்க இருந்தது.

இப்போது அம்மாவின் கேள்விக்கு என்னிடம் பதில் இருக்கிறது. அவரைப் பார்த்து எனக்குத் தோன்றியது வெறும் தோற்றம் இல்லை. அவருக்கு நஷ்டம் வருகிற இடத்தில் உண்மை பேசினார், இரண்டு கிலோ வியாபாரத்தை ஒரு கிலோவாக்கினார். கேட்காமலே சீனித் தண்ணீரைச் சொன்னார். தெரியாததைத் தெரியாது என்றார். இரண்டு மாசம் கழித்து என்ன ஆகும் என்று முன்கூட்டியே சொன்னார், அப்படியே ஆயிற்று. இதை எல்லாம் என் மனசு ஒரு பக்கம் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறது, பஸ்ஸில் வந்த நிம்மதி அந்தக் கூட்டுத்தொகை. எண்ணினது எனக்குத் தெரிய இத்தனை நாள் ஆயிற்று. அந்த வாளிக்கு முன்னால் வந்த சந்தோஷத்தையும் இப்படிப் பிரித்துப் பார்த்தேன். அதற்குள் ஒன்றுமே இல்லை, மலிவாகக் கிடைத்த மகிழ்ச்சி மட்டும்தான். இரண்டும் உள்ளே ஒரே மாதிரிதான் இருந்தன, அதுதான் கஷ்டம்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பச்சைத் தேன் வாங்கினால் புளிக்க வாய்ப்பு உண்டு, நான் இரண்டாவது தடவை வாங்கினது மூடியைத் தள்ளி நுரைத்துவிட்டது, போனில் சொன்னதும் மாற்றிக் கொடுத்தார், ஆனால் அதற்கு நான் மறுபடி அவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது. வற்றவைத்ததும் கேட்டால் தருவார், ஒரு மாசத்துக்கு மேல் வைத்திருப்பீர்கள் என்றால் அதையே வாங்குங்கள். குப்பிகளின் மூடி சரியில்லை, என் பை முழுக்க ஒட்டியது, நல்ல குப்பி கொண்டு போவது உத்தமம். தேன் தண்ணீரைப் போல சுமார் 1.4 மடங்கு கனம், அதனால் ஒரு லிட்டர் குப்பியில் ஒரு கிலோ நானூறு கிராம் பிடிக்கும், கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள். லேபிள், ஆய்வு அறிக்கை எதுவும் கிடையாது. அது கட்டாயம் வேண்டும் என்பவர்கள் மார்த்தாண்டத்தில் அக்மார்க் என்ற அரசுத் தர முத்திரையோடு கிடைப்பதை வாங்கலாம், தப்பில்லை. கூரியர் அனுப்ப மாட்டார். மழைக்காலத்தில் போனால் பெரும்பாலும் தேன் இருக்காது, வீட்டுக்கு வைத்தது போக மீதியைத் தேனீ வளர்ப்பவர்கள் சங்கத்துக்குக் கொடுத்துவிடுவார். பிப்ரவரி கடைசியிலிருந்து ஏப்ரல் வரை போனால் எடுப்பதையே பார்க்கலாம். வாசனைத் திரவியம் போட்டுக்கொண்டு பெட்டிப் பக்கம் போகாதீர்கள், எனக்குக் காதோரம் ஒரு கொட்டு விழுந்தது.

இந்தப் பிப்ரவரியில் பிள்ளைக்கு ஒரு வயசு நிறைந்தது. காலையிலேயே அம்மா அந்த உறைந்த குப்பியை வெதுவெதுப்பான தண்ணீரில் நிறுத்தி வைத்திருந்தாள். வெள்ளையாக இருந்தது ஓரத்திலிருந்து மெல்ல இளகி, பத்து மணிக்கெல்லாம் குப்பி முழுக்கப் பழுப்பாகத் தெளிந்தது. முதலில் ஒரு சொட்டைத் தன் உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தாள். "எங்க அப்பா கொண்டுவந்தது இதேதான்" என்றாள். ஐம்பது வருஷத்துக்கு முந்தைய ருசியை நாக்கு அப்படியே வைத்திருக்குமா என்று நான் கேட்கவில்லை. தாத்தாவின் சங்கிலியில் கோத்திருந்த மோதிரத்தைக் கழற்றிக் கழுவி, தேனில் தொட்டு, பேரனின் நாக்கில் வைத்தாள். அவன் முகத்தைச் சுளித்து, பிறகு மோதிரத்தை எட்டிப் பிடித்தான். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பி, "அந்த அண்ணாச்சிக்குப் போன் போட்டு ரெண்டு கிலோ சொல்லி வை" என்றாள். போன வாரம் போய் வாங்கிவந்தேன்.